காய் விடும் தண்ணீரில் ஒரு சூப்

வேலந்தாவளம் சந்தைக்குப் போய் "பூசணிக்காய் ஒரு பத்தை கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். மேலே சாம்பல் பூத்த வெள்ளைக் காயைத்தான் கடைக்காரர் வெட்ட எடுப்பார். அந்தப் பக்கத்துக் கொங்குத் தமிழில் பூசணி என்றால் வெண்பூசணி. நாம் சூப் வைக்கப்போகும் மஞ்சள் காய்க்கு அங்கே பெயர் அரசாணிக்காய். கொஞ்சம் மேற்கே சித்தூருக்கு வந்துவிட்டால் அதுவே மத்தன். பாலக்காட்டு அக்ரகாரங்களிலும் மத்தன்தான். வெள்ளைக் காய் அங்கே இளவன். மூணாறு ஏறினால், திருநெல்வேலியிலிருந்தும் தேனியிலிருந்தும் தேயிலைக்காக மலையேறிய குடும்பங்களின் வாயில் மஞ்சப் பூசணி, சக்கரைப் பூசணி. தமிழ்நாடு-கேரள எல்லையோரத்தில் சமையல் குறிப்பு எழுதுவதில் முதல் தொல்லையே இதுதான். நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வளர்ந்தவன், அதனால் இந்த அத்தியாயம் முழுக்க அரசாணி என்றே எழுதுகிறேன். நீங்கள் உங்கள் வீட்டுப் பெயரை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெயரையும் சொல்லிவிடுகிறேன்: பரங்கிக்காய். ஐரோப்பியனைப் பரங்கி என்று அழைத்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். காயின் தாய்வீடு அமெரிக்கக் கண்டம். மிளகாயைப் போலவே கப்பலேறி நம் கரைக்கு வந்தது. வந்த பிறகு பொங்கலுக்குக் கூட்டாகி, மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டை மேல் பூவாகி, ஓணத்துக்கு எரிசேரியாகி, யாருமே அந்நியமாக நினைக்காத காயாகிவிட்டது. "சூப்பா? அது வெள்ளைக்காரன் வீட்டுச் சமாச்சாரமல்லோ" என்று என் அத்தை ஒருமுறை மூக்கைச் சுளித்தபோது, காயே அப்படி வந்ததுதான் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. சூப்பைக் கொடுத்தேன். இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இந்தக் காயில் சூப் வைத்துக் குடிப்பதை ஒரு நாடே கொண்டாடுகிறது. ஹைட்டியில் பிரெஞ்சுக்காரர்களின் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் முதலாளிகளுக்காகப் பூசணி சூப் காய்ச்சினார்கள். காய்ச்சியவர்களுக்கு அதைக் குடிக்க அனுமதியில்லை. 1804 ஜனவரி 1 அன்று நாடு விடுதலை அறிவித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு புத்தாண்டு நாளிலும் அங்கே வீட்டுக்கு வீடு அந்த சூப்தான். 2021இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இறைச்சியும் காய்களும் சேர்த்துக் கெட்டியாக வைப்பது அவர்கள் முறை. நம்முடையது அதைவிட எளிது.

எளிது என்று சொன்னாலும், பத்து வீட்டில் எட்டு வீட்டில் இந்த சூப் கெட்டுப்போகிறது. காரணம் ஒன்றே ஒன்று. காயை நறுக்கி, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, குக்கரை மூடிவிடுகிறார்கள். அரசாணியில் பத்தில் ஒன்பது பங்கு ஏற்கெனவே தண்ணீர். அதன் மேல் நான்கு டம்ளர் ஊற்றினால் மஞ்சள் நிறத்தில் வெந்நீர்தான் கிடைக்கும். அப்புறம் அதைக் கெட்டியாக்கச் சோளமாவு, ருசியாக்க வெண்ணெய், கிரீம் என்று ஓடுகிறார்கள். காயை அதன் தண்ணீரிலேயே வேகவிடுங்கள். வெளித்தண்ணீர் தேவையா, எவ்வளவு என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். மீதி எல்லாம் கைப்பழக்கம்.

காய் பார்த்து வாங்குவது

முழுக் காயாக வாங்குகிறீர்கள் என்றால் காம்பைப் பாருங்கள். பச்சையாக, சாறோடு இருந்தால் முற்றாத காய். காய்ந்து, கட்டைபோல் சுருங்கியிருக்க வேண்டும். நகத்தால் தோலை அழுத்தினால் பதியக் கூடாது. கையில் தூக்கும்போது பார்வைக்குத் தோன்றுவதைவிடக் கனமாக இருக்க வேண்டும். காய் தரையில் கிடந்த பக்கத்தில் ஒரு மஞ்சள் திட்டு இருக்கும்; அது குறையல்ல, காய் நின்று முற்றியதற்கு அடையாளம்.

ஆனால் நான்கு பேர் வீட்டுக்கு ஐந்து கிலோ காயை யார் வாங்குவது? பத்தைதான் வாங்குவோம். அதிலும் வசதி உண்டு: உள்ளே பார்த்து வாங்கலாம். சதை வெளிர் மஞ்சளாக இருந்தால் சாம்பாருக்கு விட்டுவிடுங்கள். சூப்புக்குக் கடுங்காவி நிறம் வேண்டும். விதையைச் சுற்றியுள்ள நார் ஈரமாக, ஆனால் வழவழப்பில்லாமல் இருக்க வேண்டும். வழவழத்தால் வெட்டி நேரமாகிவிட்டது. வெட்டின இடத்தில் விரலை வைத்துப் பார்த்தால், நல்ல காயில் சிறு முத்துகளாகச் சாறு அரும்பும். நீர்த்த காயில் விரல் முழுவதும் நனையும். சந்தையில் ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது: "மழ பேஞ்சு ரெண்டு நாளைக்குள்ள அறுத்த காய வாங்காதீங்க கண்ணு, பூராத் தண்ணியா இருக்கும்." அதற்குப் பிறகு நான் அறுத்த நாளைக் கேட்காமல் வாங்குவதில்லை.

சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறது. மார்கழி, தையில் அங்கே வீசும் கிழக்குக் காற்று உதட்டை வெடிக்கச் செய்யும். மனிதனுக்குத் தொல்லையான அந்தக் காற்று அரசாணிக்கு நல்லது. முற்றின காயைக் காம்போடு அறுத்து, காற்றோட்டமான இடத்தில் ஒன்றோடொன்று படாமல் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் சாக்கு விரித்து வைத்திருப்பார்கள். நின்ற காயில் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும்; அதனால் தையில் அறுத்த காய் மாசியில் இன்னும் இனிக்கும். மலையில் இந்த வித்தை செல்லாது. மூணாற்று ஈரத்தில் காம்படியில் பூஞ்சை பிடித்துவிடும், அங்கே வாங்கின வாரமே சமைத்துவிடுங்கள்.

தோட்டத்தில் போட விதை தேடுகிறவர்களுக்கு: கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் அம்பிலி, சுவர்ணா, சரஸ் ரகங்களும், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2 ரகங்களும் எல்லையின் இருபுறமும் பெயர் பெற்றவை. சந்தையில் யாரும் ரகம் சொல்லி விற்பதில்லை.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்ல வேண்டும். நறுக்கினதும் நகக்கண் அளவு பச்சைச் சதையை நாக்கில் வைத்துப் பாருங்கள். இனிப்பாகவோ சப்பென்றோ இருக்கலாம், கசக்கவே கூடாது. கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். பூசணி, சுரை, வெள்ளரிக் குடும்பத்துக் காய்களில் சில நேரம் குக்குர்பிட்டசின் என்ற நஞ்சு ஏறிவிடும். வேகவைத்தாலும் அது போகாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் கடுமையாக வரும். சர்க்கரை போட்டு மறைக்கிற விஷயமில்லை.

அடுப்பில்

நான்கு பேருக்கு: தோலோடு முக்கால் கிலோ பத்தை. தோலும் விதையும் போக அரைக் கிலோவுக்கு மேல் சதை நிற்கும். சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, உரித்தது. பூண்டு நான்கு பல்; காந்தளூர், வட்டவடைப் பூண்டு கிடைத்தால் மூன்று போதும். புவிசார் குறியீடு பெற்ற அந்த மலைப்பூண்டு பல் சிறிதென்றாலும் காரமும் எண்ணெயும் அதிகம். கட்டைவிரல் நுனியளவு இஞ்சி. அரை மூடித் தேங்காய். தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. மிளகு ஒரு டீஸ்பூன், அப்போது இடித்தது. உப்பு. அரை எலுமிச்சை. இவ்வளவுதான்.

தோலைச் சீவ அரிவாள்மனையைவிடப் பெரிய கத்தி பாதுகாப்பானது. முற்றின அரசாணித் தோல் மரக்கட்டை மாதிரி. வழுக்கினால் விரலில்தான் நிற்கும். பத்தையைப் பலகையில் படுக்க வைத்து, முதலில் இரண்டு விரல்கடைத் துண்டுகளாக வெட்டிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு துண்டாகத் தோலைக் கீழ்நோக்கிச் சீவுங்கள்.

அடிகனமான இருப்புச்சட்டியோ உருளியோ அடுப்பில் ஏறட்டும். எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், பூண்டு, இஞ்சி. வெங்காயம் சிவக்க வேண்டாம், கண்ணாடியானால் போதும். அரசாணித் துண்டுகளைப் போட்டு, உடனே உப்பையும் போடுங்கள். சூப்பில் உப்பு கடைசியில் என்பார்கள், இங்கே முதலில். உப்புப் பட்டால்தான் காய் தண்ணீரைக் கக்கும். ஒரு பிரட்டு பிரட்டி, தட்டைப் போட்டு மூடி, தீயை முழுக்கக் குறைத்துவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம்.

முதல் மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காது. அடிபிடித்துவிடுமோ என்று கை தண்ணீர்ச் செம்பைத் தேடும். தேடட்டும், எடுக்காதீர்கள். ஐந்தாம் நிமிடம் தட்டைத் தூக்கினால் தட்டின் உட்புறம் வியர்த்திருக்கும், சட்டியின் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் சாறு கோடாகத் தேங்கியிருக்கும். தட்டில் கோத்த நீரைச் சட்டிக்குள்ளேயே சாய்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். பத்தாம் நிமிடத்தில் நறுக்கின துண்டுகளின் கூர்முனைகள் மழுங்கத் தொடங்கும். நிறம் மேலும் கறுத்து, காவியிலிருந்து குங்குமப்பூப் பக்கம் நகரும். கரண்டி முதுகால் ஒரு துண்டை அழுத்தினால் எதிர்க்காமல் படிய வேண்டும். காயின் வயதைப் பொறுத்துப் பதினைந்து முதல் இருபது நிமிடம். அடியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பழுப்பாக ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம்; சூப்பின் மணமே அதில்தான் இருக்கிறது. சுரண்டிச் சேர்த்துவிடுங்கள். கறுத்திருந்தால் மட்டும் அதை விட்டுவிட்டு மேலாக எடுங்கள்.

இப்போது மசிப்பது. பருப்பு மத்து இருந்தால் அதுவே உத்தமம். கொஞ்சம் திப்பிதிப்பியாக இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். வழவழவென்று வேண்டுமானால் மிக்சி. ஆனால் ஆறவிட்டுப் போடுங்கள். விருந்தாளி வந்த அவசரத்தில் ஒருமுறை கொதிக்கக் கொதிக்க ஜாரில் ஊற்றி, மூடியைக் கையால் அழுத்திக்கொண்டு சுவிட்சைத் திருப்பினேன். சூடான கலவை சுழலும்போது ஆவி ஒரே வீச்சில் பொங்கும். மூடி பறந்தது, கை வெந்தது, கூரையில் அடித்த மஞ்சள் இரண்டு வெள்ளையடிப்புக்குப் பிறகும் மங்கலாகத் தெரிகிறது. காத்திருக்க நேரமில்லை என்றால் ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், மூடிமேல் மடித்த துணியை வைத்து, விட்டுவிட்டு ஓட்டுங்கள்.

மசித்ததைச் சட்டிக்குத் திருப்பி, கரண்டியில் அள்ளிச் சாயுங்கள். திட்டாக விழுந்தால் இரண்டாம் தேங்காய்ப்பால் ஒன்றரை டம்ளர் வரை தாங்கும். தானாகவே வழிந்தால் அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் பற்றிய முடிவை எடுக்கும் இடம் இதுதான். அதையும் தண்ணீராக ஊற்றாமல் பாலாக ஊற்றுகிறோம். ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, கெட்டியான முதல் பால் அரை டம்ளர். முதல் பால் கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரியும். கடைசியில் மிளகு, எலுமிச்சைச் சாறு. தேங்காயின் கொழுப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு: அரசாணியை மஞ்சளாக்கும் பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஏறும்.

காய் சப்பென்று இருந்தால்? நெல்லிக்காயளவு வெல்லம் போடலாம். மறையூர்ப் பக்கம் வாங்குகிறவர்கள் அங்கே 'சர்க்கரை' என்று சொல்வது வெல்ல உருண்டையைத்தான் என்பதை நினைவில் வையுங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லம் அது. வெள்ளைச் சீனி போட்டால் சூப் பாயசத்தின் தங்கச்சியாகிவிடும். நீர்த்துவிட்டால்? சோளமாவு வேண்டாம். ஒரு பிடி அரிசி நொய்யைத் தனியாகக் குழைய வேகவைத்து, மசித்துச் சேருங்கள். கஞ்சி குடித்து வளர்ந்த நாக்குக்கு அந்தக் கெட்டி பழகினது.

மலையில் வைப்பவர்களுக்கு

மேலே சொன்னது சமவெளிக் கணக்கு. மூணாறு, தேவிகுளம், வட்டவடையில் அப்படியே செய்தால் காய் அரைவேக்காட்டில் நின்றுவிடும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்குகிறது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேலே இருக்கும் மூணாற்றில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஸ்டேட் லயத்தில் முப்பது வருடம் இருந்த ஒரு மதினி சொல்வார்: "இங்க கொதிச்சாலும் வேகாது, மதினி. கொதிக்கிறதப் பாத்து ஏமாறாதீய." பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளிடம் சொன்னது, அந்த மருமகள் சமவெளிப் பழக்கத்தில் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாளாம்.

ஆகவே மலையில் குக்கர் நல்லது. ஆனால் அங்கும் தண்ணீர் கால் டம்ளரைத் தாண்ட வேண்டாம். ஆவி எழும்ப அவ்வளவு போதும். கீழே இரண்டு விசில் என்றால் அங்கே மூன்று. அடுத்தது தேங்காய். அந்த உயரத்தில் தென்னை இல்லை. தேங்காய் கீழேயிருந்து வண்டியேறி வர வேண்டும், விலையும் ஏறித்தான் வரும். அதனால் மலை வீடுகளில் பசும்பாலோடு வைப்பதே வழக்கத்துக்கு ஒத்துவரும். பாலை ஊற்றினால் எலுமிச்சையை மறந்துவிடுங்கள், திரிந்துபோகும். புளிப்புக்குப் பதில் காரத்தைக் கூட்டலாம். இடுக்கி மிளகு கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒன்றரை டீஸ்பூன் வரை போடலாம், ஒரு சிட்டிகை சுக்கும் சேரலாம். வட்டவடை கேரட் மலிந்திருக்கும் நாளில் அரசாணியில் கால் பங்கைக் குறைத்துக் கேரட் போட்டால் நிறமும் கெட்டியும் கூடும். தை மாதம் விடியற்காலையில் மூணாற்றுப் புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படியும். அந்தக் குளிரில் வேலைக்குப் போகிறவர்கள் பிளாஸ்கில் எடுத்துப் போக நினைத்தால் மிக்சியில் அடித்து, வடிகட்டி ஊற்றுங்கள். திப்பி இருந்தால் பிளாஸ்க் வாயில் அடைக்கும்.

பாலக்காட்டு வழி

பாலக்காட்டுப் பக்கத்து நாக்குக்கு மேலே சொன்ன சூப் ஏதோ குறைந்ததுபோலத் தோன்றலாம். குறைவது எரிசேரியின் மணம். மத்தனையும் வன்பயற்றையும் வேகவைத்து, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்து ஊற்றி, கடைசியில் தேங்காய்த்துருவலைச் சிவக்க வறுத்துக் கொட்டுகிறார்களே, அந்த வறுவல்தான் எரிசேரியின் உயிர். அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி தேங்காயெண்ணெயில் கடுகு வெடிக்கவிட்டு, இரண்டு கைப்பிடி துருவலைப் போட்டு, சிறுதீயில் செம்மண் நிறம் வரும்வரை கிண்டி, கறிவேப்பிலையோடு சூப்பின் மேல் தூவுங்கள். கரண்டியில் வழவழவென்று போவதும் பல்லில் கரகரவென்று நெரிவதும் சேர்ந்து வரும். ஆடி மழையில், அதாவது அவர்களுடைய கர்க்கடக மாதத்தில், இதற்கு ஈடாக வேறொன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த மாதத்தில் மத்தன் இலையையும் பத்து இலைக் கறியில் ஒன்றாகச் சேர்ப்பார்கள். கொடி வைத்திருப்பவர்கள் இளம் இலையை நாரெடுத்துப் பொடியாக நறுக்கி, தேங்காயோடு வதக்கித் தொட்டுக்கொள்ளலாம்.

கொங்குப் பக்கத்தினர் கடலையெண்ணெயில் தாளித்து, கொத்தமல்லித் தழையை அள்ளிப் போடுவார்கள். தவறில்லை. எனக்குப் பிடிக்காது, அரசாணியின் இனிப்பைக் கடலை மணம் அமுக்கிவிடுகிறது.

விதையைத் தூக்கியெறியாதீர்கள். நார் போகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, வெறும் சட்டியில் உப்புத் தெளித்து வறுத்தால் சூப்போடு கொறிக்கலாம். தோல் இளசாக இருந்தால் துவையலாகும். முற்றின தோல் மாட்டுக்கு.

மிஞ்சின சூப்பை ஃபிரிஜ்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். மறுநாள் எடுத்தால் களிபோல் உறைந்திருக்கும். உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். சிறுதீயில் வைத்துக் கிளறுங்கள். சூடு ஏற ஏறத் தானே இளகும். அதற்கு மேலும் கெட்டியாக இருந்தால் அவித்த வன்பயறு ஒரு கைப்பிடி போட்டு, சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளுங்கள்.